மரமில்லா வெளியில் ஐந்நூறு மரங்கள்

பல்ஹாஷ் ஏரியை ஒட்டிப் போகும் சாலையில்
இருநூறு மீட்டருக்கு ஒருமுறை
வண்டியை நிறுத்துகிறான் எகோர் ஷ்டுக்கெர்ட்.
பின்னால் தொங்கும் எடை
கொஞ்சம் யோசித்துவிட்டு விழுகிறது.
தொம்.
தார் எவ்வளவு அமிழ்ந்தது என்று
ஒன்பது காதுகள் வரிசையாய்ப் படுத்துக் கேட்கின்றன.
மயிரிழைதான். அதற்குள் எழுந்தும் விட்டது.
அடுத்த இடத்துக்கு நகர்கிறோம்.

சாலை முழுக்க இப்படித் தட்டிப்பார்க்கப்
பணமும் போதாது, கோடையும் போதாது.
ஆகவே கொஞ்சம் தட்டி
மிச்சத்தை ஊகிக்கச் சொல்லி
இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தேன்:
தாரின் தடிமன், வயது,
ஜல்லிக்கு நடுவே அடைபட்ட காற்று எத்தனை விழுக்காடு,
தட்டிய நேரத்தில் வெயில் எவ்வளவு,
ஒரு நாளைக்கு எத்தனை லாரி.
உள்ளே ஐந்நூறு முடிவு மரங்கள்.
காடு என்றுதான் அதற்குப் பெயரே.
கண்ணெட்டும் தூரம்வரை
ஆட்டுக்குக்கூட நிழல் தராத புல்வெளியில்
மடிக்கணினிக்குள் நான் வளர்க்கும் காடு.
ஒவ்வொரு மரமும் ஒரு விறைப்பைச் சொல்லும்.
சண்டை போடாது.
கூட்டி வகுத்துக்கொள்வேன்.

ஜனவரியில் இந்தத் தார் பாறை,
பிளந்தாலும் பிளக்குமே தவிர வளையாது.
ஜூலையில் செருப்பைப் பிடித்து இழுக்கும் பாகு.
இரண்டையும் காடு கற்றுக்கொண்டது.
நான் ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்ததை
பதினொரு நிமிடத்தில்.
கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் மட்டும்
ஒத்துவரவில்லை.
காடு சொல்கிறது: நாலாயிரத்து நூறு மெகாபாஸ்கல்.
தரை சொல்கிறது: ஆயிரத்து எழுநூறு.
மூன்று முறை தட்டினோம்.
தரை பேச்சை மாற்றவில்லை.

தொலைபேசியில் செரிக்பாய்:
"விலகி நிற்கும் புள்ளி, ரைகான்.
அழித்துவிட்டு வேலையைப் பார்."

எகோர் சிரித்தான்.
"விலகியா நிற்கிறது? எல்லாரும் நிற்கும் இடம்.
இது குல்பாரமின் கிலோமீட்டர்."

அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.
கம்பியில் வரிசையாய்ப்
புகையேறிப் பொன்னிறமான கெண்டைகள்,
ஈயோட்ட ஒரு கந்தல் துணி,
தகரத் தடுப்புக்குப் பின்னால் அவள்.
அல்மாட்டியிலிருந்து வரும் லாரிகள்
எஞ்சினை அணைக்காமல் ஓரங்கட்டுகின்றன.
பேரம் பத்து நிமிடம், சிலசமயம் இருபது.
ஓடும் பாரத்தைப் பொறுக்கிற தார்
நிற்கும் பாரத்தைப் பொறுப்பதில்லை.
அதன்மேல் சொட்டுச் சொட்டாய் டீசல் வேறு.
பதினாறு வருடச் சொட்டு.

எத்தனை லாரி போகிறது என்று கேட்டிருந்தேன்.
எத்தனை நிற்கிறது என்று கேட்கவே இல்லை.

"என் இடத்தைப் பற்றி உன் பெட்டி என்ன சொல்லுது?"
மெத்தென்று இருக்கிறதாம், என்றேன்.
"நாற்பது டன் வந்து மேலே நின்று
விலை குறை, விலை குறை என்றால்
நானும்தான் மெத்தென்று ஆகியிருக்கிறேன்."

இரவு விடுதியில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்:
நிற்றல்.
பிழை பாதியாய்க் குறைந்தது.
சந்தோஷம் கால் மணி நேரம் நீடித்தது.
இந்த அறிக்கையைப் படிக்கப்போகிறவர்
கெண்டையைப் பார்க்கப்போவதில்லை.
நிற்கத் தடை என்றொரு பலகை
தாரைவிட மலிவு.

பரிந்துரையில் எழுதினேன்:
சாலையோரம் நாற்பது மீட்டருக்குக் கான்கிரீட் தளம்,
லாரிகள் ஒதுங்கி நிற்க.
காரணம் என்ற கட்டத்தில்
மீன் என்று எழுதி, அழித்து,
மறுபடியும் எழுதினேன்.
ஒப்புக்கொள்வார்களா, தெரியாது.
அதை ஊகிக்க என்னிடம் காடு இல்லை.

மறுநாள் திரும்பும் வழியில் இரண்டு மீன் வாங்கினோம்.
தப்பாய்ப் போன ஊகத் தாளில்தான் சுற்றிக்கொடுத்தாள்;
எகோர் கிழித்து நீட்டியது.
நாலாயிரத்து நூறின்மேல் எண்ணெய் படர்ந்தது.

ஒரு கையால் முள்ளெடுத்தபடி ஓட்டுகிறான்.
தட்ட வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம்.
திரும்பவா என்கிறான்.
வேண்டாம், போ.
அந்த ஒன்றைக் காடே சொல்லட்டும்.